பதின்மூன்றாவது லெவல் இல்லை என்று நான் எழுதிக்கொடுத்தது

1. சேர்ந்த நாள்

வில்லியனூரில் ஓர் உரக்கடையின் மேல்மாடியில் கேம் கம்பெனி நடக்கிறது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால், சீட்டாட்டக் கிளப் என்று நினைத்துப் போலீசுக்கு மனு எழுதியிருப்பேன். அந்த மாடியில்தான் இப்போது எனக்கு ஒரு மேஜையும் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியும் இருக்கின்றன.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். பெரும்பகுதி, வில்லங்கச் சான்றுக்காகப் பழைய பதிவேடுகளைத் தேடும் மேஜையில் போனது. ஒரு நிலத்தின் மேல் ஏற்கெனவே விற்பனையோ வேறு பதிவோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதிக்கொடுக்கும் வேலை. ஓய்வு பெற்ற நான்காவது மாதம் பிரபு வீட்டுக்கு வந்தார். கம்பெனி அவருடையது. முப்பத்தைந்து வயது இருக்கும்.

"சார், எங்க கேமை வெளியிடற சென்னை பப்ளிஷர் எதுக்கெடுத்தாலும் டாகுமெண்ட் கேக்கறாங்க. எங்க பசங்களுக்கு கம்ப்யூட்டர் கோடு எழுத வரும், ஒரு லெட்டர் எழுத வராது. நீங்க வந்து உக்காந்தா போதும்."

"உக்கார்ற வேலையில எனக்கு அனுபவம் அதிகம் தம்பி" என்றேன்.

முதல் நாள், கம்பெனி செய்துகொண்டிருந்த கேமைக் காட்டினார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டரை ஓட்டிப் போவதுதான் விளையாட்டு. விளையாடுகிறவர் கடக்க வேண்டிய ஒவ்வோர் இடமும் ஒரு லெவல். மடுகரை வயல்வெளி ஒரு லெவல், பாகூர் ஏரிக்கரை ஒரு லெவல். அந்த இடத்தின் சாலை, மரம், மேடு பள்ளம், குறுக்கே வரும் மாடு எல்லாம் சேர்ந்து ஒரு ஃபைல். மொத்தம் பதின்மூன்று லெவல் செய்வதாக ஒப்பந்தம். பதின்மூன்றையும் எண்ணி, பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு ஒப்படைப்பது என் பொறுப்பு. பதின்மூன்று வரை எண்ணத் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில் ஒப்புக்கொண்டேன்.

2. ஏஜெண்ட்

நான் சேர்ந்த சில வாரங்களில் டொமினிக் ஒரு ஏஐ ஏஜெண்டைக் கொண்டுவந்தான். பிள்ளைச்சாவடியிலிருந்து தினமும் பைக்கில் வரும் புரோகிராமர் அவன். அவசியம் இல்லாமல் பேச மாட்டான். அவசியம் இருந்தாலும் யோசிப்பான்.

ஒரு கேம் புராஜெக்டில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இருக்கும். மரம் ஒரு ஃபைல், மாட்டின் வால் ஆடுவது ஒரு ஃபைல். அதற்குள் லெவல் எங்கே இருக்கிறது என்று ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார்ப்பதே அரை நாள் வேலை. ஏஜெண்டிடம் நம் பேச்சு வழக்கில் கேட்டால் போதும். அது தன் கையில் இருக்கும் டூல்களில் ஒன்றை எடுத்துத் தேடிப் பதில் சொல்லும். லெவல் தேடுவதற்கு என்று டொமினிக் ஒரு டூல் எழுதியிருந்தான். அதற்கு இரண்டு கட்டங்கள். ஒன்றில் லெவலின் பெயர், இன்னொன்றில் தேட வேண்டிய ஃபோல்டர்.

எங்கள் பழைய அலுவலகத்தின் வாசலிலும் ஏஜெண்டுகள் நிற்பார்கள். எதைக் கேட்டாலும் ஆகிவிடும் என்பார்கள். இது அப்படி இல்லை. கேட்டால் முழு வாக்கியத்தில், முற்றுப்புள்ளியோடு பதில் சொல்லும். 'பாகூர் ஏரிக்கரை லெவல் உள்ளது. கடைசியாகத் திருத்தப்பட்டது நேற்று மாலை.' என் கீழ் வேலை பார்த்தவர்கள் யாரும் எனக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை. எனக்கு அதைப் பிடித்துப்போனது.

பிடித்துப்போன உடனே ஒரு பதிவேடு போட்டேன். தேதி, தேடியவர், லெவல் பெயர், ஃபோல்டர், முடிவு என்று ஐந்து பத்தி. ஃபோல்டர் என்ற பத்தியை யாரும் நிரப்பவில்லை. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டாலே ஏஜெண்ட் தேடிக் கொடுத்துவிடுகிறது, ஃபோல்டர் எதற்கு என்றார்கள். நானும் அந்தப் பத்தியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனேன். அலுவலகத்தில் மனுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பியவன் நான். 'எல்லாம் எழுதி எடுத்துனு வாய்யா' என்று எத்தனை பேரை வெயிலில் நடக்க விட்டிருக்கிறேன். இங்கே மெஷின் வாங்கிக்கொண்டது. நானும் வாங்கிக்கொண்டேன்.

3. மெமோ

கலைவாணி மடுகரைப் பெண். அப்பா கரும்பு போடுகிறவர். லெவல் டிசைனராக ஆறு மாத சோதனைக் காலத்தில் இருந்தாள். அவளிடம் கொடுத்திருந்தது பதின்மூன்றாவது லெவல், மாசி மகம். ஊர்ச் சாமியை டிராக்டரில் ஏற்றிக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி குலுங்கினால் குடை சாயும், குடை சாய்ந்தால் மதிப்பெண் குறையும். நாலு மாதமாக அதில்தான் இருந்தாள். பாதி நாள் அலுவலகம், பாதி நாள் வீடு. கேட்டால், "ஜனம் நடக்கறது இன்னும் சரியா வர்ல சார்" என்பாள். மற்றவர்கள் மாட்டோடு திருப்தி அடைந்தபோது, இவள் மனிதர்களை நடக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது அவளுடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. அரியூரில் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேண்டும் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தத் திங்கட்கிழமை பிரபு ஏஜெண்டிடம், புராஜெக்டில் உள்ள எல்லா லெவலையும் பட்டியல் போடச் சொன்னார். பன்னிரண்டு வந்தது. மாசி மகம் எங்கே என்று கேட்டார். 'இந்தப் புராஜெக்டில் மாசி மகம் என்ற பெயரில் எந்த லெவலும் இல்லை. வேறு உதவி வேண்டுமா?' என்றது. பெயரின் பாதியைக் கொடுத்துக் கேட்டார். இல்லை. திருவிழா என்று கேட்டார். இல்லை. ஃபோல்டரைத் திறந்து அவரே பார்த்தார். அங்கேயும் பன்னிரண்டுதான்.

"டொமினிக், உன் டூலு ஒழுங்கா தேடுதா?"

"டெஸ்ட் பண்ணியிருக்கேன்ணா. கரெக்டா தேடுது."

பிரபு என் மேஜைக்கு வந்தார். "பாத்தீங்களா சார். நாலு மாசம். இன்னா பண்ணிச்சி அந்தப் பொண்ணு? வூட்ல உக்காந்துனு ஜனம் நடக்குது, ஜனம் நடக்குதுன்னு கத வுட்டுச்சி. போன் போட்டா சுவிட்ச் ஆஃப்."

"ஆஸ்பத்திரியில இருக்கா" என்று டொமினிக் தன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

"சாயங்காலம் மறுபடியும் போட்டுப் பாக்கறேன் சார்" என்றார் பிரபு.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "போன்ல கேட்டா ஆதாரம் இருக்காது தம்பி. முதல்ல ஒரு மெமோ குடுக்கணும். மூணு நாள்ல விளக்கம் கேக்கணும். அப்புறம்தான் மத்த நடவடிக்கை. முறைன்னு ஒண்ணு இருக்கு."

மெமோவை நானே எழுதினேன். 'புராஜெக்ட் முழுவதும் தேடிப் பார்த்ததில், தாங்கள் உருவாக்கியதாகக் கூறும் லெவல் எதுவும் இல்லை என்று தெரியவருகிறது. நான்கு மாத காலப் பணிக்கு விளக்கம் தரவும்.' எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழில் எழுதி, அவள் கொடுத்திருந்த மடுகரை முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பப்ளிஷருக்கும் ஒரு முன் பட்டியல் போனது. பன்னிரண்டு லெவல் தயார். பதின்மூன்றாவது, பொறுப்பாளர் கலைவாணி, முடிக்கப்படவில்லை. கீழே என் கையெழுத்து. எழுத்துப் பிழை ஒன்று கிடையாது. அன்று மாலை நல்ல வேலை செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

4. வியாழக்கிழமை

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கலைவாணி படியேறி வந்தாள். கையில் மெமோ. பிரபு உரக்கடையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஏறி வந்தார். அவள் அவரிடம் போகவில்லை. மெமோவின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்திருப்பாள் போல. என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"நல்லா இருக்காங்க சார். நேத்து டியூப் எடுத்தாங்க." மெமோவை மேஜையில் வைத்தாள். "இது எங்கப்பா கையில போச்சி சார். அவர் படிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கே எடுத்தாந்துட்டாரு. வார்டுல வச்சே கேட்டாரு. 'நாலு மாசமா பஸ் ஏறிப் போனியே, எங்கடி போன?'ன்னு. எங்கம்மா கேட்டுனு படுத்திருக்காங்க. ரெண்டு நாளா அவர் எங்கிட்ட பேசல."

"விளக்கம் எழுத்துல கொண்டாந்திருக்கியாம்மா?" என்றேன். முப்பத்தொரு வருடப் பழக்கம் அவ்வளவு எளிதில் போவதில்லை.

"எழுதறேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க எங்க தேடினீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். தேதி இருந்தது, தேடியவர் பெயர் இருந்தது, முடிவு இருந்தது. ஃபோல்டர் பத்தியில் நான் போட்ட கோடு இருந்தது.

இதே கேள்வியை முன்பு ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவரும் விவசாயி. நிலம் வாங்கும் முன் எங்களிடம் சான்று கேட்டார், தேடினோம், எந்தப் பதிவும் இல்லை என்று கொடுத்தோம். வாங்கிய பிறகு, அதில் பாதி ஏற்கெனவே வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தது தெரிந்தது. நம் பக்கத்து நிலங்கள் அப்படி. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு, நாலு வயல் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. அந்த விற்பனை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்தில் பதிவாகியிருந்தது. "இல்லன்னு எழுதிக் குடுத்தியே சார், எங்க தேடின?" என்று வந்து நின்றார். நான் சான்றை எடுத்து விரல் வைத்துக் காட்டினேன். இந்த அலுவலகத்தில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்தப் புத்தகத்தில் தேடியதில் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அவர் சான்றை மடித்துக்கொண்டு போய்விட்டார். சட்டப்படி நான் சரி. அந்த ஒரு வரியால்தான் சரி.

இப்போது எதிரே ஒரு பெண் நிற்கிறாள். என் மெமோவில் அந்த வரி இல்லை. 'முழுவதும்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"டொமினிக், கொஞ்சம் வாப்பா" என்றேன். "ஃபோல்டர் குடுக்கலன்னா உன் டூல் எங்க தேடும்?"

"மெயின் ஃபோல்டர்ல, சார்."

"அத வுட்டா வேற ஃபோல்டர் இல்லியா?"

"இருக்கு சார். கேம் எஞ்சின் சாஃப்ட்வேரோட சாம்பிள் எல்லாம் வெளிய இருக்கு. அதையும் தேடவிட்டா, யாரோ செஞ்ச லெவல் எல்லாம் நூத்துக்கணக்குல வரும். அதனால மெயின் மட்டும்னு வச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். கலைவாணியைப் பார்த்தான். "ஏய், நீ பேக்லயா வச்ச?"

"ஆமாண்ணா. திருவிழா பேக்ல." பேக் என்றால் மெயின் ஃபோல்டருக்கு வெளியே தனியாகக் கட்டி வைக்கும் தொகுப்பு.

"அத யாரு பேக்ல வைக்கச் சொன்னது?" என்றார் பிரபு.

"நீங்கதாண்ணா. கீழ டீ குடிச்சினு இருந்தப்ப. 'திருவிழா லெவல தனி பேக்கா வச்சிடு, பப்ளிஷர் தனியா ரிலீஸ் பண்ணாலும் பண்ணுவாங்க'ன்னு."

பிரபு விசிறியைப் பார்த்தார். "சொன்னன் போல கீது" என்றார்.

டொமினிக் உட்கார்ந்து ஒரு இடத்தில் டிக் போட்டான். பேக்குகளில் இருப்பதைக் காட்டு என்பதற்கான டிக். அது இல்லாவிட்டால் கண்ணால் பார்த்தாலும் அந்த ஃபோல்டர்கள் தெரியாது என்று அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. திருவிழா பேக் திறந்தது. உள்ளே மாசி மகம் இருந்தது. கலைவாணி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் மாலை சேமித்தது.

ஓட்டிப் பார்த்தோம். டிராக்டர் கிளம்பியது. மேலே சாமி, பக்கத்தில் குடை. இரண்டு பக்கமும் ஜனம் நடந்தது. உண்மையாகவே நடந்தது. ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார், ஒரு பெண் பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். பிரபு முதல் வளைவிலேயே குடையைச் சாய்த்தார்.

"மெதுவா போண்ணா, சாமி இருக்குது" என்றாள் கலைவாணி. மூன்று நாளில் அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும்.

பிறகு டொமினிக் லாகை எடுத்துக் காட்டினான். மெஷின் தன் வேலையைத் தானே குறித்துவைக்கும் நாட்குறிப்பு அது. டூல் சொன்னது இவ்வளவுதான்: மெயின் ஃபோல்டர், முடிவு பூஜ்யம். அதை வாங்கிய ஏஜெண்ட், இந்தப் புராஜெக்டில் இல்லை என்று சொன்னது. அதை வாங்கிய நான், முழுவதும் தேடியதில் இல்லை என்று எழுதினேன். அதை வாங்கிய அவளுடைய அப்பா, என் பெண் நாலு மாதம் வேலைக்கே போகவில்லை என்று நினைத்துவிட்டார். ஒவ்வொரு கை மாறும்போதும் அந்த 'இல்லை' கொஞ்சம் பெருத்திருக்கிறது. மெஷின் பெருக்கியது ஒரு பங்கு. படித்தவன், முறை தெரிந்தவன் பெருக்கியது அதைவிட அதிகம்.

5. திருத்தம்

"புது லிஸ்ட் ஒண்ணு அனுப்பிட்டா முடிஞ்சிது சார்" என்றார் பிரபு. "பதிமூணு லெவல் ரெடின்னு போட்டுடுங்க."

"முடியாது தம்பி. பழைய லிஸ்ட்ல இவ பேர் இருக்கு, முடிக்கலன்னு இருக்கு. அது பப்ளிஷர் ஃபைல்லயே இருக்கும். தப்பா பதிவானத அழிச்சிட்டுப் புதுசு எழுதக் கூடாது. இன்னது தப்பு, இன்னது சரின்னு திருத்தல் பத்திரம் எழுதணும்."

"சார், இன்னா சார், கிரயம் திருத்தற மாதிரி."

"அதே மாதிரிதான். ரெண்டு சாட்சியும் வேணும். நீங்க ஒண்ணு, டொமினிக் ஒண்ணு."

முறை என்பது இப்போதாவது யாருக்காவது உபயோகப்படட்டும் என்று உட்கார்ந்து எழுதினேன். பப்ளிஷருக்கு ஒன்று. கலைவாணியின் பெயருக்கு, அதே மடுகரை முகவரிக்கு, அதே பதிவுத் தபாலில் ஒன்று. தவறு எந்த வழியாகப் போனதோ திருத்தமும் அந்த வழியாகவே போக வேண்டும் என்பது என் கட்சி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவள்தான் படிப்பாள். தபாலில் போனால் அவளுடைய அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிப் படிப்பார்.

நகலை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நின்றபடியே படித்தாள். ஒரு வரியில் நின்றாள்.

"'தீவிரத் தேடலுக்குப் பின் மேற்படி லெவல் கண்டுபிடிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கீங்களே சார்."

"ஆமா. ஏன்?"

"கண்டுபுடிக்கலியே சார். அது காணாமப் போனாதானே கண்டுபுடிக்கணும். அது வச்ச எடத்துலதான் இருந்துச்சி."

டொமினிக் சிரித்துவிட்டான். பிரபு சிரிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். நான் அந்த வரியின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, மேலே புதிதாக எழுதினேன்: 'மேற்படி லெவல் உரிய இடத்தில் இருந்தது. நான் அங்கே தேடவில்லை.' வாசித்துக் காட்டினேன்.

"ஆங், இப்ப சரி சார்" என்று சொல்லிவிட்டு, அரியூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

ஒப்புகை அட்டை நான்காம் நாள் திரும்பி வந்தது. கீழே அவளுடைய அப்பாவின் கையெழுத்து, அழுத்தமாக. மறு வாரம் வேலைக்கு வந்த கலைவாணி சொன்னாள்: "அப்பா ரெண்டு தடவ படிச்சாரு சார். காலையில அவரே டூ-வீலர்ல கொண்டாந்து பஸ் ஸ்டாப்புல வுட்டாரு. போவும்போது, சாமி வண்டிய அந்த வளைவுல செகண்டு கியர்ல திருப்பணும், கேம்ல எப்படி வச்சிருக்கன்னு கேட்டாரு." சோதனைக் காலம் முடிவதற்கு முன்பே அவளை நிரந்தரம் ஆக்கும் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அதில் அவள் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

டொமினிக் டூலை மாற்றிவிட்டான். இப்போது மாசி மகம் என்று கேட்டால், எந்தெந்த ஃபோல்டரில் தேடினேன், எதை விட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஏஜெண்ட் முடிவைச் சொல்கிறது. என் பழைய சான்று மாதிரியே எழுதுகிறது, என்னைவிட வேகமாக. எனக்கு அதில் வருத்தமில்லை. பதிவேட்டில் ஃபோல்டர் பத்தி காலியாக இருந்தால் நான் இப்போது யாரையும் வெயிலில் நடக்க விடுவதில்லை. எழுந்து அவர்கள் மேஜைக்குப் போய்க் கேட்டு எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்ல அதை ஒரு முறை பார்த்தால் போதும். இல்லை என்று சொல்ல எல்லா இடத்தையும் பார்த்திருக்க வேண்டும். அப்படி யாரும் பார்ப்பதில்லை, மெஷினும் பார்ப்பதில்லை. ஆகவே, பார்த்த இடத்தை மட்டும் எழுதுங்கள். அதற்கும் முன்னால், வைத்தவருக்கு ஒரு போன் போடுங்கள். சுவிட்ச் ஆஃப் என்று வந்தால், சாயங்காலம் மறுபடியும் போடுங்கள்.